பூமிக்குள் எண்ணெய் கசிவு: 'லேசர்' காட்டிக் கொடுக்குமா?

தண்டையார்பேட்டையில் 2013-ம் ஆண்டு போர் பம்பை அடித்தால் தண்ணீரோடு எண்ணெய் வாடையும் வந்தது. துறைமுகத்தில் இருந்து எண்ணெய் கிடங்குக்குப் போகும் பூமிக்கடி குழாயில் கசிவு! விவகாரம் பசுமை தீர்ப்பாயம் வரை போனது.

கசிவைக் கண்டுபிடித்தது எந்த எந்திரமும் அல்ல. அங்கே குடியிருந்தவர்களின் மூக்குதான்.

ஏன் இப்படி? குழாயின் இந்தப் பக்கம் எவ்வளவு ஏறுகிறது, அந்தப் பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டர் வைத்து கணக்கு பார்ப்பது வழக்கம். குழாய் உடைந்தால் உடனே தெரிந்துவிடும். ஊசி முனை ஓட்டை என்றால்? மீட்டரின் கணக்குப் பிசகுக்குள்ளேயே அது ஒளிந்து கொள்ளும். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் ஓடும் குழாயில் அரை சதவீதம் கசிந்தாலே 5 ஆயிரம் லிட்டர் மண்ணுக்குள் போய்விடும்!

நம்ம ஊரில் மட்டும் இந்தக் கதை இல்லை. அமெரிக்காவின் அலாஸ்காவில் 2006 மார்ச்சில் சுமார் 8 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அதையும் ரோந்து போன ஊழியர் ஒருவர் வாடையை வைத்துத்தான் பிடித்தார்.

இங்கேதான் 'லேசர்' வருகிறது. தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழையைக் குழாயை ஒட்டிப் புதைத்து, அதற்குள் லேசர் ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சுகிறார்கள். வழி நெடுக கொஞ்சம் ஒளி சிதறித் திரும்பும். கசிவால் மண்ணின் சூடு மாறினாலோ, எண்ணெய் பீறிட்டு அதிர்ந்தாலோ, திரும்பி வரும் ஒளியும் மாறும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்தால் இடமும் தெரிந்துவிடும். சூட்டை அளக்க உதவுவது, திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டுபிடித்த 'ராமன் விளைவு'தான்!

ஆனால் மந்திரக்கோல் இல்லை இது. சூடாக்கி அனுப்பும் கச்சா எண்ணெய் என்றால் சுலபம். பெட்ரோலும் டீசலும் கிட்டத்தட்ட மண்ணின் சூட்டிலேயே ஓடும். சொட்டு சொட்டாகக் கசிந்தால் சூடும் மாறாது, சத்தமும் வராது. மேலே கன்டெய்னர் லாரிகள் போடும் அதிர்வு வேறு!

இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் இந்த இழைக்கு முக்கிய வேலை திருடனைப் பிடிப்பது. குழாயில் ஓட்டை போட ஒருவன் மண்ணைத் தோண்டினால் போதும், கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கும். கம்பெனியின் எண்ணெய்க்கு இருக்கும் காவல், கிணற்றுத் தண்ணீருக்கும் வேண்டாமா?

புதுக் குழாய் என்றால் அதே பள்ளத்தில் இழையையும் போட்டுவிடலாம். ஊருக்கு அடியில் கிடக்கும் பழைய குழாய்க்கு ரோட்டையே தோண்ட வேண்டும். அதற்குப் பதிலாக, ஆங்காங்கே துளை போட்டு ஆவியை லேசர் கருவியால் சோதிக்கும் வழியும் இருக்கிறது. பெட்ரோல் சீக்கிரம் மாட்டிக் கொள்ளும். டீசல்தான் லேசில் ஆவியாகாது.