ஐ.பி. மனுவும் வருமான வரி ரீஃபண்டும்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் கடன் கழுத்தை நெரிக்கும்போது ஒருவர் முதலில் ஓடுவது வழக்கறிஞரிடம்தான். வரி ஆலோசகருக்கு விஷயம் தெரியவருவது பெரும்பாலும் ஐ.பி. மனு, அதாவது நொடிப்பு மனு, தாக்கலான பிறகு. வரவேண்டிய ரீஃபண்ட் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் வந்து விழும் என்பது ஆலோசகருக்குத் தெரியும். மனுவின் சொத்துப் பட்டியலை எழுதியவருக்குத் தெரியாது. இருவரும் மனுத் தேதிக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசாததால் குடும்பத்துக்கு மிஞ்ச வேண்டிய பணம் போய்விடுகிறது. சில வழக்குகளில் கட்சிக்காரரின் நாணயமும் கேள்விக்குள்ளாகிறது.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதிலேயே குழப்பம் நிலவுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள் இருப்பவருக்கு 1909-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம். அங்கே சொத்து அபிஷியல் அசைனியிடம் போகும். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கி பல்லாவரம் வந்துவிட்டால் செங்கல்பட்டு மாவட்டம்; இங்கே 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம், ரிசீவர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானதால் இந்த நிலை மாறவில்லை. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பில் தனிநபர்களுக்கென ஒரு பகுதி இருந்தாலும், நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்த அறிவிக்கை செல்லும் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கைமாற்று என்று மூழ்கிய சேலையூர்வாசிக்கு நூறாண்டு கடந்த 1920 சட்டமே கதி.

இனி ரீஃபண்ட். 1920 சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி, ஒருவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டதும் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ போய்ச் சேர்கிறது. அந்த ஆணை மனு தாக்கலான நாளிலிருந்தே செல்லுபடியாகும். ஜப்தி செய்யக்கூடாதவை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்லும் சொத்துகள் மட்டும் இதில் சேரா. அந்த நீண்ட பட்டியலில் வரி ரீஃபண்டுக்கு இடமில்லை. 1961 வருமான வரிச் சட்டம் இன்னும் வெளிப்படை: நொடிப்பு காரணமாக ஒருவர் ரீஃபண்டைப் பெற முடியாமல் போனால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை ரிசீவருக்கு உண்டு என்கிறது 238(2). (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, இங்கே தரப்படுபவை பழைய எண்கள்.)

சம்பளத்தின் கதை வேறு. ஜீவனாம்சத் தீர்ப்பாணை தவிர மற்றவற்றில், சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மாதம் 1,51,000 ரூபாய் வாங்கும் ஒரு மென்பொருள் ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 1,01,000 ரூபாய் காப்பாகிறது. அதே ஊழியர் வாடகை ரசீதையும் வீட்டுக்கடன் வட்டிச் சான்றையும் கம்பெனியில் கொடுக்காமல், ‘ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் என்ன ஆகும்? டி.டி.எஸ். கூடுதலாகப் பிடிக்கப்படும். சம்பளமாகக் கைக்கு வந்திருந்தால் பெரும்பகுதி காப்பாகியிருக்கும் பணம், அரசிடமிருந்து வரவேண்டிய கடனாக உருமாறி, அப்படியே ரிசீவரிடம் போகும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 1974-இல் இதே கேள்வி வந்தது. கோகோஸ்கா என்ற தொழிலாளிக்கு வரவேண்டியிருந்த ரீஃபண்ட் 250 டாலர் 90 சென்ட். சம்பளத்தில் பிடித்ததுதானே, சம்பளத்துக்குரிய பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை, அந்தப் பணம் டிரஸ்டியைச் சேர்ந்தது என்றது. நம் நாட்டு வழக்கறிஞருக்கு வாதிட இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. ஓய்வூதியப் பலன்களை வைப்புத் தொகையாகப் போட்டாலும் பாதுகாப்பு போகாது என்று 2008-இல் ராதே ஷியாம் குப்தா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஓய்வூதியம் 60-ஆவது பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது, ரீஃபண்ட் அப்படியல்ல. அந்த வாதத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் பணத்தைப் பணயம் வைக்க முடியாது.

ஆகவே ரீஃபண்டைக் காக்கும் வழி, அது உருவாகாமல் பார்ப்பதே. இது முழுக்க வரி ஆலோசகரின் வேலை. மாதச் சம்பளக்காரர் என்றால் கழிவுக்கான சான்றுகள் உரிய நேரத்தில் கம்பெனிக்குப் போக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் கன்சல்டன்டும் வருமான வரிச் சட்டத்தின் 197-ஆவது பிரிவில் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் லாரி ஓட்டுபவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு: சரக்கு வண்டிகள் 10-க்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் 194சி(6)-இன்படி வாடகையில் பிடித்தமே கூடாது. இந்த ஒரு தாளைக் கொடுக்காமல் ஆண்டு முழுவதும் பணத்தை அரசிடம் முடக்கிவைத்திருக்கும் சிறு லாரி உரிமையாளர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. நொடிக்கும் நிலையில் இருப்பவருக்கு அந்தப் பணம் டீசலும் டயரும்.

ஏற்கெனவே உருவாகிவிட்ட ரீஃபண்ட் இருந்தால், அது எந்த வங்கிக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். கடன் பாக்கி உள்ள வங்கியிலேயே கணக்கு இருந்தால், பணம் வந்த மறுநிமிடம் பாக்கியில் நேர் செய்யப்படலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வங்கிக்குப் பொதுப் பிடி உரிமை தருகிறது, 1920 சட்டத்தின் 46-ஆவது பிரிவு பரஸ்பரக் கணக்குகளை நேர் செய்ய அனுமதிக்கிறது. கடன் இல்லாத வேறொரு வங்கியில் கட்சிக்காரரின் சொந்தப் பெயரிலுள்ள கணக்கை வரித் தளத்தில் சரிபார்த்து, ரீஃபண்டுக்கு அதையே குறிப்பிடுவது முறையான செயல்தான். அதை மனுவில் எழுதவும் வேண்டும். வருமான வரித்துறையும் 245-ஆவது பிரிவில் பழைய பாக்கிக்கு எதிராக நேர் செய்யும். ஆனால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புக்குப் பதில் போடாமல் விடுவது பெரும் தவறு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் இருந்த சிறு பாக்கிகள் கைவிடப்பட்டன. அவை இன்னும் தளத்தில் தொங்குகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

மற்ற சொத்துகளில் வருங்கால வைப்பு நிதி, பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுத் தொகை, கைத்தொழிலாளியின் கருவிகள், பாத்திரம் பண்டம், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி ஆகியவை காப்பானவை. மனைவியின் சீதன நகை மனைவிக்கே சொந்தம். 1985-இல் பிரதிபா ராணி வழக்கு அதை உறுதி செய்தது. வீடுதான் சிக்கல். விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலையாள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே 60-ஆவது பிரிவு காப்பு தருகிறது. குரோம்பேட்டையில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கு அது இல்லை. 2016 சட்டத்தின் கீழ் வரும் ஜாமீன்தாரருக்கு நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள, அடமானம் இல்லாத ஒரே வீடு விலக்கு. 20 லட்சத்துக்குள், வங்கிக் கடனும் இல்லாத வீடு இந்தப் புறநகரில் எத்தனை பேருக்கு இருக்கும்? இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து.

வாடகை வீட்டுக்காரருக்கோ, அட்வான்ஸ் தொகையே பெரிய சொத்து. பட்டியலில் அடிக்கடி விடுபடுவதும் அதுதான். சீட்டுக் கட்டி இன்னும் எடுக்காத பணமும் அப்படியே.

விடுபட்டால் என்ன? 1920 சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சொத்து விவரம் முழுவதையும் மனுவிலேயே கேட்கிறது. விலக்கு கோருவதும் அங்கேயே தொடங்குகிறது. வேண்டுமென்று மறைத்தது நிரூபணமானால் 69-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. மைத்துனர் பெயருக்கு மனையை எழுதிவைக்கும் பழக்கத்துக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது: நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கும், திருமணத்துக்கு முன் திருமணத்தை முன்னிட்டும் அல்லாமல் செய்த மாற்றத்தை, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலான மனுவின்மேல் எழுதிக்கொடுத்தவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், 53-ஆவது பிரிவில் ரத்து செய்யலாம். ரீஃபண்டை மறைப்பது இதைவிடவும் வீண். 26ஏஎஸ் படிவத்தை யார் எடுத்தாலும் பிடித்தம் கண்ணில் படும். அந்தப் படிவத்தின் நகலை மனுவோடு இணைத்துவிடுவதே கட்சிக்காரருக்குப் பாதுகாப்பு.

வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் சேர்ந்து மறக்கும் இன்னொன்று, விடுவிப்பு ஆணை. நொடித்தவர் என்ற அறிவிப்புக்கும் விடுவிப்புக்கும் இடையில் சேரும் சொத்தும் ரிசீவரையே சேர்கிறது என்கிறது 28(4). அதாவது, இந்த ஆண்டு ரீஃபண்ட் போனால் போகட்டும், அடுத்த ஆண்டு வரும் என்ற கணக்கு பலிக்காது. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்யாவிட்டால் 43-ஆவது பிரிவில் அறிவிப்பே ரத்தாகி, கடன்காரர்கள் மீண்டும் வாசலுக்கு வருவார்கள். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் சேர வேண்டிய கடன் தீராது. வரி பாக்கி அப்படியே நிற்கும். ஆலோசகரின் நாட்காட்டியில் ரிட்டர்ன் கடைசித் தேதிக்குப் பக்கத்திலேயே இந்த விடுவிப்புத் தேதியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரை ஆண்டுதோறும் பிடித்தத்தைக் குறைக்கும் வேலையும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.