ராட்டினத்துக்கும் வயது உண்டு

சிங்காநல்லூர்க் குடும்பங்களின் பிறந்தநாள், தேர்வு வெற்றி எல்லாம் இப்போது மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், சிறுவாணி சாலைக் கோவை கொண்டாட்டம் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் களைகட்டுகின்றன. காதுகுத்து மட்டும் இன்னும் குலதெய்வக் கோயிலில்தான். கேளிக்கைப் பூங்காவுக்கும் வரலாறு உண்டு. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1955இல் திறப்பு நாளன்றே சுழன்ற குதிரை ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. அதைப் பார்க்கவே போகிறவர்கள் உண்டு. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயரில் 1984இல் எழுந்த டெல்லி அப்பு கர் பூங்கா, 2008இல் மூடப்பட்டது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கினார். எந்த ராட்டினம் எந்த ஆண்டு வந்தது என்று ஒரு பலகை வைக்கக் கோவைப் பூங்காக்களுக்குப் பெரிய செலவாகாது, வைக்கலாம்.