விமானத்தின் எடையும் வரலாற்றின் வாய்மையும்

மறைமலை நகரினின்று நாள்தோறும் மின்ரயிலிற் கல்லூரிக்கு வரும் எனக்குத் தாம்பரம் விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் ஒலி பழகிய ஒன்று. ஆயினும் ஒரு விமானத்தின் எடை பற்றி விடுதி நண்பர் இருவர் பேச்சு முறியுமளவு பூசலிட்டதைச் சென்ற பருவத்திலேதான் கண்டேன். கணிப்பொறியில் விமானமோட்டும் ஸிமுலேட்டரிலே, இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயரின் எடை மிகைபடக் கொடுக்கப்பட்டுளது என்பது ஒருவர் கட்சி; நூலிற் கண்ட எண்ணே அஃது என்பது மற்றவர் கட்சி.

எந்த நூல்? எந்த ஸ்பிட்ஃபயர்? 1936-இல் முதன்முதற் பறந்தது ஏறத்தாழ 5,300 ராத்தல்; கடைசியாக வந்த 24-ஆம் வகையோ 10,000 ராத்தலை அணுகிற்று. ஒரே வகையினும் வெற்றெடை வேறு, போருக்கெழும் எடை வேறு. தொடக்க வகைகள் 85 காலன் பெட்ரோல் கொள்வன. காலனுக்கு 7.2 ராத்தலாகக் கணக்கிடின் அதுவே 612 ராத்தல். ஆறாயிரம் ராத்தல் விமானத்திலே பத்திலொரு பங்கு பறக்கும்போதே கரைந்து போகின்றது! எடை அவ்வளவு குறையின், விமானம் வளையத்தக்க மிகச் சிறிய வட்டமும் ஏறக்குறைய அவ்வளவே சுருங்கும். துரத்துவோனுக்கும் தப்புவோனுக்கும் உயிர் அவ்வட்டத்தில் இருக்கிறது. நம் நண்பரை விசாரித்ததில், ஒருவர் பற்றியிருந்தது வெற்றெடை, மற்றவரது நிறையெடை எனத் தெரிந்தது. இருவரும் இன்னும் ஒரே மேசையில் உண்பதில்லை.

விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். யான் உடன்படேன். 1944-இல் இந்திய விமானப் படையின் 8-ஆம் அணி ஸ்பிட்ஃபயர் பெற்றுப் பர்மாப் போர்முனையிற் பறந்தது. இதனை நம்மில் எத்தனைபேர் நூலிற் படித்தோம்? அக்காலப் போரைப் பல இளைஞர் அறிவது இத்திரையின் வாயிலாகவே. பிழையான எண்ணை வைத்துப் பறந்து பார்த்துவிட்டு, அவ்வோட்டிகள் திறமற்றவர் என ஒருவன் தீர்ப்பளிப்பின், இறந்தார் எழுந்து வந்து மறுப்புரைப்பரோ?

தமிழ் பயில்வோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கித் தாம் கொண்ட பாடத்தோடு வேறு பாடங்களையும் அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றார். ஸிமுலேட்டர் அமைப்போரும் தாம் கொண்ட எண்ணினருகே, அஃது எவ்வகை விமானத்தது, எவ்வாண்டினது, எரிநெய் எவ்வளவு, குண்டுகள் ஏற்றியதோ அன்றோ, எச்சான்றினின்று பெற்றது என்பவற்றை வெளியிடக் கடமைப்பட்டவராவர். விளையாடுவோர் அதனைப் படியார் என்று சிலர் கூறுவர். படியாதார்க்காக அடிக்குறிப்பை நீக்கிய பதிப்பாசிரியர் எவரையும் யான் அறியேன்.