கூடையும் ஒரு பங்குத்தொகைதான்

ஊர் கூடிப் பணம் போட்டு ஓடையை மீட்டது, ஏரியைத் தூர்வாரியது என்று செய்தி வந்தால் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் ‘ஊர்’ என்று அங்கே சொல்லப்படுவது யார்? கல்வெட்டில் யாருடைய பெயர்? யாருடைய பணம் வரவில் ஏறியது, யாருடைய உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போனது? இப்படிக் கேட்டால் நல்ல காரியத்தில் குறை தேடுகிறோம் என்பார்கள். நல்ல காரியம் என்பதால்தான் கேட்கிறோம்.

செஞ்சியை எடுத்துக்கொள்வோம். பாறைமேல் பாறை அடுக்கிய குன்றுகள். பெய்யும் மழை நிற்காமல் வழிந்தோடிவிடும். அடியிலும் கடினப் பாறை. மேலே இருக்கும் சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் நிலத்தடி நீர். ஓடும் நீரை நிறுத்தத் தெரிந்தால்தான் இங்கே பிழைப்பு. பக்கமலையில் பிறக்கும் சங்கராபரணி, செஞ்சி வழியாக வீடூர் அணைக்குப் போய், புதுச்சேரிப் பக்கம் கடலில் சேர்கிறது. அதற்கு வரும் ஓடைகளும் ஏரிகளின் வரத்துக்கால்களும் தூர்ந்தால் கோடையில் வறட்சி, மழையில் வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. வறட்சியில் குடத்தோடு அலைவதும், வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டுவதும் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கோட்டைக்குள் செட்டிகுளமும் சக்கரகுளமும் இருக்கின்றன. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் நீர் கொண்டுபோன தொழில்நுட்பத்தை எல்லாரும் வியக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. 1714-இல் போரில் மாண்ட ராஜா தேசிங்கின் மனைவி இங்கே உடன்கட்டை ஏறினாள் என்ற கதையையும் வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். தீயில் எரிந்தவளுக்குக் கதையில் இடம் உண்டு. அந்தக் குளங்களுக்கு மண் சுமந்தவள், அரண்மனை அடுக்களைக்கு நீர் எடுத்தவள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குடிமராமத்து என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பழம்பெருமை பொங்குகிறது. ஊரே ஒன்றாக நின்றதாம். அந்த ஊரில் யார் எந்த வேலை செய்வது என்பதைச் சாதி தீர்மானித்தது. மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். அவர்கள் வீட்டுப் பெண் ஊர்க் கிணற்றில் குடம் இறக்க முடியாது. 1858-இல் சென்னை மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போடப்பட்டது, வராதவருக்கு அபராதம். மனமுவந்து செய்த பொதுப்பணி என்று இன்று நாம் வணங்கும் மரபுக்குள் இதுவும் இருக்கிறது.

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, செலவில் 10 சதவீதம் பயனாளிகளின் பங்கு என்றது. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயனாளி யார்? ஆயக்கட்டுதாரர், அதாவது ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவர். பாசன சபைகளை உருவாக்கிய 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் நில உடைமையைத்தான் வாசற்படியாக வைத்தது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தை வைத்து விவசாயம் செய்பவராகப் பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். நாற்று நடுபவள், களை எடுப்பவள், அதே ஏரியில் மாடு குளிப்பாட்டுபவள், கரையில் புல் அறுப்பவள், விறகு பொறுக்குபவள் இவர்களுக்கெல்லாம் ஏரியில் பயனே இல்லையாம்!

நீர்வடிப்பகுதித் திட்டங்கள் கொஞ்சம் மேல் என்பார்கள். 2008-இன் பொது வழிகாட்டு நெறிமுறைகள், நீர்வடிப்பகுதிக் குழுவில் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும் என்கின்றன. அதில் பாதி இடம் சுயஉதவிக் குழுக்கள், பயனாளர் குழுக்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகிய எல்லாருக்கும் சேர்த்து! ஐந்து நாற்காலியில் ஊரின் பெரும்பகுதியை உட்காரச் சொல்கிறார்கள். ஒரே ஒரு சுயஉதவிக் குழுப் பெண்ணை அழைத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் மூன்று தகுதிகள் ஒரே ஆளில் நிறைவேறிவிடும். காட்டுக் குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், இப்படி ஒன்றிரண்டு பெண்களை உட்காரவைத்தால் அவர்கள் பேச்சு எடுபடாது, நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணிக்கை கூடும்போதுதான் முடிவுகள் மாறுகின்றன என்று காட்டினார்.

இனி பணத்துக்கு வருவோம். பணம் போட்டவர்தானே முடிவெடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓடைக் கரை கட்டும் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்கு நாளுக்கு 600 ரூபாய், பெண்ணுக்கு 350. இருபது பெண்கள் பத்து நாள் மண் சுமக்கிறார்கள். ஆண் கூலியில் கணக்கிட்டால் 1,20,000 ரூபாய் தர வேண்டும், கொடுத்தது 70,000. மீதி 50,000 ரூபாய் எங்கே போனது? திட்டச் செலவைக் குறைத்தது. அது அந்த இருபது பெண்களின் பங்குத்தொகை. ஐயாயிரம் நன்கொடை தந்தவர் பெயர் பலகையில் இருக்கிறது. 50,000 தந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இதோடு வேலை நடக்கும் நாள்களில் சமைத்தது, தண்ணீர் கொண்டுவந்தது, கூட்டத்துக்குத் தேநீர் போட்டது எல்லாம் ‘ஒத்துழைப்பு’ என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடும்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு கேலி உண்டு: மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்குகிறார்கள் என்று. வெட்டிய மண்ணை அளந்து, அளவு குறைந்தால் கூலியைக் குறைக்கும் வேலை அது. 2006 பிப்ரவரியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முதல் கட்டத்தில் சேர்ந்த தமிழ்நாட்டு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வடமாவட்டப் பெண்கள் அதை ‘ஏரி வேலை’ என்றே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை நாள்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் பெண்களுடையவை. அப்படியானால் கடந்த இருபதாண்டுகளில் இந்த மாநிலத்தின் ஏரிகளையும் வாய்க்கால்களையும் அதிகம் தொட்ட கை யாருடையது?

வடக்கே வேலூர் மாவட்டத்தில் வறண்டு கிடந்த நாகநதியை மீட்கும் பணியில் சுமார் 20,000 பெண்கள் உழைத்தார்கள். நீர் செறிவூட்டும் கிணறுகளையும் தடுப்பணைகளையும் அமைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. ‘பெண் சக்தி’ என்று நாடே கைதட்டியது. அந்த வேலை நடந்தது நூறு நாள் திட்டத்தின் கூலியில் என்பதை யாரும் உரத்துச் சொல்லவில்லை. தியாகம் செய்யச் சொல்லாமல் கூலி கொடுத்தார்கள்; ஓடை பிழைத்தது. நாம் படிக்க வேண்டிய பாடம் இதுதான். இலவச உழைப்பைப் பங்களிப்பு என்று புகழ்வதால் ஆறு ஓடாது.

சரி, ஓடை பிழைத்துவிட்டது. நீர் யாருக்கு? தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் நிலத்தடி நீரை உயர்த்தும். உயர்ந்த நீரை எடுக்க போர் வேண்டும், மோட்டார் வேண்டும், இலவச மின் இணைப்பு வேண்டும். மூன்றும் நிலத்தோடு வருபவை. பெண்கள் கூடை கூடையாக இறக்கிய நீரை ஆயிரம் அடிக்குப் போர் போட்டவர் ஒரே கோடையில் இறைத்துவிடலாம். தடுக்க ஊர்க் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மண்ணெடுத்தவள் மறுபடியும் தெருக்குழாயடியில் நிற்பாள்.

ஆகவே நமது கோரிக்கைகள் எளியவை. உழைப்பைப் பங்குத்தொகையாக, சம கூலிக் கணக்கில், உழைத்தவள் பெயரிலேயே பதிய வேண்டும். பட்டாவைப் பார்க்காமல், அந்த நீரைப் பயன்படுத்தும் வயதுவந்த எல்லாருக்கும் சபையில் உறுப்புரிமை வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக, தலித், இருளர் பெண்களுக்குத் தனி இடத்தோடு இருக்க வேண்டும். மீன் ஏலம், கரை மரம், வண்டல் மண் ஆகியவற்றின் வருமானத்தில் நிலமற்றவர்களுக்குப் பங்கு வேண்டும். மீட்ட ஓடையின் சுற்றுவட்டத்தில் புதிய போர் போட கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். வரவு செலவைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. மாணவிகளே, அடுத்த மார்ச்சில் உங்கள் ஊர்ச் சபைக்குப் போங்கள். அம்மாவையும் அத்தையையும் பக்கத்துத் தெருப் பெண்களையும் அழைத்துப் போங்கள். உங்கள் ஊர் ஏரிக்கோ ஓடைக்கோ நடந்த வேலையின் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் மண் சுமந்தவர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.