தடுப்பணைக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

நீர்வடிப்பகுதிச் சீரமைப்பு நடைபெறும் ஊர்களில், இவ்வாண்டு எத்தனை தடுப்பணைகள் கட்டப்பெற்றன என்ற வினாவே முதலில் எழுகின்றது. அது செலவைக் கூறும்; பலனைக் கூறாது. ஆரம்ப இருப்பைக் காட்டாமல் இலாபம் காட்டும் காரியதரிசியை நம் அங்கத்தினர்கள் ஒப்புவார்களா? வேலை தொடங்குமுன் கோடைக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்காத திட்டமும் அத்தகையதே.

மகாராஷ்டிரத்திலுள்ள ஹிவரே பஜார் மழை குறைந்த சிற்றூர். 1990க்குப் பின் மலைச்சரிவுகளைச் சீர்திருத்திய அவ்வூரார், மழைக்காலம் முடிந்ததும் பெய்த மழையையும் கிணறுகளின் மட்டத்தையும் அளந்து, ஊர்ச்சபை கூடி நீர் வரவு செலவை வகுக்கின்றனர். இருப்புக்குத் தக்கவாறே பயிர். கரும்புக்கும் வாழைக்கும் இடமில்லை. பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டவும் தடை. அளந்த கணக்கிற்கு ஊர் கட்டுப்படுகின்றதே, அதுவன்றோ அரிது!

நல்ல மழை பெய்த ஆண்டில் எந்தத் திட்டமும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். ஆதலால் மழையளவையும் உடன் எழுதி, ஏறத்தாழ ஒத்த மழை பெய்த ஆண்டுகளையே ஒப்பிடல் வேண்டும். மேட்டுக் கிணறொன்று, பள்ளத்துக் கிணறொன்று, திட்டத்திற்குப் புறம்பான கிணறொன்று. இம்மூன்றையும் ஆண்டுதோறும் சித்திரையில் அளக்கலாம். கயிறும் கல்லும் போதும். முதலாண்டில் ஓடை நீரின் கலங்கல் குறைவதையும், மூன்றாமாண்டில் பிழைத்து நிற்கும் கன்றுகளையும், ஐந்தாமாண்டில் கோடைக் கிணற்று நீரையும் இலக்காகக் கொள்ளலாம்.

நெசவாளர்க்கும் இதில் பங்குண்டு. சாயமேற்றவும் பாவுக்குக் கஞ்சியிடவும் நீர் வேண்டுமன்றோ? கிணற்று மட்டக் குறிப்பேடு பேரேட்டோடு பொதுக்குழுவில் வைக்கப்பெற வேண்டும். ஐந்தாண்டுகளில் திட்டத்துக் கிணறு புறக்கிணற்றினும் முன்னேறவில்லையெனில், அடுத்த அணைக்குப் பணம் ஒதுக்குமுன் நிருவாகக் குழு காரணம் கூறட்டும்.