திரையில் இருந்த புள்ளி தாளில் எங்கே போயிற்று?

பெங்களூரின் இடைக்கால வரலாற்றை எழுத முனைவோர் தமிழைத் தவிர்க்க இயலாது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கென்றே அமைந்தது. ஆனால் இன்று இத்தகைய கல்வெட்டுகளை ஆராயும் ஆய்வேடுகள் பலவற்றின் பின்னிணைப்பைப் புரட்டினால் எதிர்ப்படுவன கறுத்த செவ்வகங்களே. ஆய்வாளர் வாசித்ததாகச் சொல்லும் எழுத்து அங்கே இல்லை. கேட்டால், “திரையில் தெளிவாக இருந்தது, ஜெராக்ஸ் கடையில் கெடுத்துவிட்டார்கள்” என்பது விடை.

இந்த விடை ஒரு தப்பித்தல். கடைக்காரர் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி ஆய்வாளருக்கும், அவரை நெறிப்படுத்தியவருக்கும், அச்சுப் படத்தைப் பார்க்காமலே ஏட்டை ஏற்றுக்கொண்ட தேர்வாளருக்கும் உரியது.

திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மீது விழும் ஒளியைத் திருப்புகிறது. சாதாரணத் திரையொன்றின் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1000:1. பளபளப்பற்ற தாளில் மிகக் கருத்த மையின் அடர்த்தி 1.6 எனில், அது மடக்கை அளவாதலால், விகிதம் 40:1 மட்டுமே. 300 லக்ஸ் ஒளி விழும் மேசையில் வெள்ளைத் தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கேண்டெலா. முழு ஒளிர்வில் வைத்த மடிக்கணினியோ 300 கேண்டெலாவைத் தொடக்கூடும். நான்கு மடங்கு வெளிச்சத்தில் படித்துவிட்டு, அச்சு இருண்டுவிட்டது என்று வியப்பதில் பொருளில்லை. இதன்மேல், லேசர் அச்சுப்பொறி சாம்பல் நிறத்தை அறியாது; கரும்புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துச் சாம்பல் நிறம்போல் தோற்றம் தருகிறது. அப்புள்ளிகள் தாளில் பருக்கும்போது, அடர்ந்த பகுதிகளில் எஞ்சியிருக்கும் நுண்ணிய வெண் இடைவெளிகளே முதலில் அடைபடும்.

மைப்படிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி, மை பூசி எடுக்கும் படியில் கல்லின் பரப்பு கருமையாகவும், வெட்டிய எழுத்து வெண்மையாகவும் நிற்கும். ஆழமாக வெட்டிய எழுத்து எந்த அச்சிலும் பிழைத்துக்கொள்ளும். தேய்ந்த எழுத்தோ கருமைக்குள் அடர் சாம்பலாக ஒளிந்திருக்கும். ஆய்வுக்குரிய சிக்கலெல்லாம் அங்கேதான். அச்சு முதலில் விழுங்குவதும் அந்தப் பகுதியைத்தான்.

இது அழகியல் குறைபாடு அன்று, சான்றின் இழப்பு. தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அரிதாக இடப்பட்டால் அது எழுத்து வரலாற்றுக்கும் ஒலியியல் வாதத்துக்கும் ஆதாரமாகிறது. அந்தப் புள்ளி உளி இட்டதா, கல் பெயர்ந்த வடுவா என்பது அதன் விளிம்பில் சாம்பல் நிறம் மங்கும் விதத்தைக் கொண்டே ஓரளவேனும் முடிவாகும். அச்சில் அந்த மங்கல் மறைந்தால், வாசகர் ஆய்வாளரின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. சரிபார்க்க முடியாத வாசிப்பு ஆய்வு முடிவன்று, வெறும் கூற்று.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஃபிளீட் 1888இல் வெளியிட்ட குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் பாடத்துடன் படத்தகடுகளும் இடம்பெற்றன. பதிப்பாசிரியரின் வாசிப்பை மறுக்கும் உரிமையை வாசகருக்கு வழங்கியவை அத்தகடுகள். மறுக்கும் அந்த உரிமையை இன்றைய ஆய்வேடு தாளில் பறித்துக்கொள்கிறது.

“இனி எல்லாம் பிடிஎஃப், ஷோத்கங்காவில் பெரிதாக்கிப் பார்க்கலாமே” என்பர் சிலர். பிடிஎஃப் தயாராகும் முன்பே வேர்ட் கோப்பில் படம் சுருக்கப்பட்டிருக்கக்கூடும். திறப்பவர் ஒவ்வொருவரின் திரையும் வெவ்வேறு ஒளிர்வில் உள்ளது. கோப்பில் சாம்பல் நிற விவரக்குறிப்பு இணைக்கப்படாவிடில், ஒரே படம் இரு மென்பொருள்களில் இரு விதமாகத் தோன்றும். தாளின் எல்லைகள் குறுகியவைதாம். ஆயினும் அவை அளக்கத்தக்கவை.

மாறாக, படத்தை ஒரேயடியாக வெளுக்கச் செய்வதும் தீர்வன்று. வேறுபாட்டை முறுக்கினால் வடுவும் புள்ளியாகிவிடும். அது வாசிப்பன்று, படைப்பு.

வேண்டியவை மூன்றே. முதலாவது, திரையின் ஒளிர்வை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்து, அச்சிடும் தாளின் விவரக்குறிப்பைக் கொண்டு, தாளின் வெண்மையும் மையின் கருமையும் திரையில் எப்படித் தோன்றும் என்று முன்னதாகப் பார்த்துத் திருத்துவது. இதற்குக் கட்டணமற்ற ஜிம்ப் மென்பொருளே போதும். இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெண்மை முதல் கருமை வரையிலான சாம்பல் படிவரிசை ஒன்றை அச்சிடுவது. எந்தப் படிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதைக் கண்டு, தாள் எதை இழந்தது என்று வாசகர் தாமே அறிவார். மூன்றாவது, படத்தில் செய்த மாற்றங்களைப் படக்குறிப்பில் எழுதுவது. முதுகலைப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும்.

மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது ஆய்வுலகம் மகிழ்ந்தது. பெங்களூரில் மிதிக் சொசைட்டி கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிக் காத்துவருகிறது. மைப்படி எங்கே இருக்க வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும், அது வாசகரின் கையில் எப்படிச் சேர்கிறது என்பதிலும் காட்ட வேண்டாமா? எண்ணூறு ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய எழுத்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அழிவது காலத்தின் குற்றம் அன்று.