முப்பது கிலோமீட்டர் டேலி ஆகிவிட்டால் போதுமா?

எருமப்பட்டியில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து துறையூர் ரோட்டில் ஓடுகிற ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். கோழித்தீவன லாரிகள் ரோட்டை நிறைப்பதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். இருட்டு விலக விலகத் தூரத்தில் கொல்லிமலை தெரியும். ஜனவரியில் சென்னையில் மாரத்தான். 42.195 கிலோமீட்டர். அதை 4 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வருகிறது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதே வேகத்தில் 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கிறான். 2 மணி 51 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "மாப்ள, நான் ரெடி!" என்று கூட்டாளிகள் எல்லோருக்கும் மெசேஜ் போகிறது.

உண்மையிலேயே ரெடியா? இருக்கலாம். ஆனால் அந்த 30 கிலோமீட்டரைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு விற்பனையை அடியோடு எழுத மறந்திருந்தாலும் இருப்பாய்வு சமமாகத்தான் வரும். அதற்குப் பெயர் விடு பிழை. ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டினால் ஈடுசெய் பிழை. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதலில் எழுதினால் விதிப் பிழை. டார்கெட் வேகத்தில் ஓடும் லாங் ரன்னில் இந்த மூன்றும் இருக்கின்றன.

முதலில் விடு பிழை. விட்டுப்போனது கடைசி 12 கிலோமீட்டர். மாரத்தானின் மொத்தக் கஷ்டமும் இருப்பது அங்கேதான். ஓடும்போது உடம்பு முக்கியமாக எரிப்பது தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனை. அந்தக் கையிருப்பு சுமார் 2000 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. 60 கிலோ ஆள் மாரத்தான் ஓட 2500 கலோரிக்கு மேல் வேண்டும். கொஞ்சம் கொழுப்பிலிருந்து வரும், கொஞ்சம் வழியில் சாப்பிடுவதிலிருந்து வரும். ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடினால் 30, 32 கிலோமீட்டரில் கஜானா காலி. ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்று சொல்வது இதைத்தான். 30இல் வாட்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்தது ஈடுசெய் பிழை. டிசம்பர் விடியலில் நாமக்கல் பக்கம் காற்று குளிர்ச்சியாக இருக்கும், கடற்கரை ஊர்போலப் புழுக்கம் இருக்காது. கூட்டாளி ஒருவன் பைக்கில் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வருவான். உடற்தகுதியில் இருக்கும் குறையை இந்தச் சௌகரியங்கள் சரிக்கட்டிவிடும். சென்னையில் ஜனவரியானாலும் கடற்காற்றின் ஈரப்பதம் சும்மா விடாது. வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியானால்தானே உடம்பு குளிரும்!

வெயிலின் சேட்டைக்கு ஒரு நிஜ உதாரணம் ஓ.பி. ஜெய்ஷா. 2015இல் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தவர். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய பந்தயத்தில், 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் முடித்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் மயங்கி விழுந்தார். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்று பிறகு பெரிய சர்ச்சையே நடந்தது. அது எப்படியோ போகட்டும். நாட்டின் முதல் தர ஓட்டக்காரருக்கே ஒரு வருடத்தில் 12 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது என்றால், துறையூர் ரோட்டின் 5:41 சென்னையிலும் அதே 5:41 ஆக இருக்கும் என்று எப்படி நம்புவது?

மூன்றாவது விதிப் பிழை. இதுதான் பெரிய தப்பு. பயிற்சி என்பது முதலீடு, போட்டி என்பது செலவு. போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் 30 கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து ஓடினால் அது பயிற்சிக் கணக்கில் எழுதப்பட்ட போட்டி. அந்தக் களைப்பு தீர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை உருப்படியான பயிற்சி எதுவும் நடக்காது. முழங்காலோ பின்னங்காலோ பிடித்துக்கொண்டால் போட்டியே போச்சு. எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி. அவரே கென்யாவில் 40 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டங்களை அந்த வேகத்தைவிட மெதுவாகத்தான் ஓடுவார். நம்ம ஊர் ஆட்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை :-)

இன்னொரு கூத்தும் உண்டு. முழு மாரத்தானையே ஓடிக் காட்டியிருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. 1952 ஜூனில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடினார். அதுவரை உலகில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆறே வாரத்தில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். ஆரம்பத்திலேயே வேகமாகக் கிளம்பிய பீட்டர்ஸ் கால் பிடித்துக்கொண்டு பாதியில் விலகினார். ஜெயித்தவர் எமில் ஸாட்டோபெக். அவருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் மாரத்தான்!

"அப்படியானால் டார்கெட் வேகத்தில் ஓடவே கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்டிப்பாக ஓட வேண்டும். அந்த வேகம் காலுக்குப் பழக வேண்டும், ஓடிக்கொண்டே தண்ணீர் குடிக்க வயிறு பழக வேண்டும். ஆனால் 25, 28 கிலோமீட்டர் நிதானமான ஓட்டத்தில் கடைசி 8 அல்லது 10 கிலோமீட்டரை மட்டும் அந்த வேகத்தில் ஓடினால் போதும். களைத்த காலில் வேகம் பழகும், செவ்வாய்க்கிழமை மறுபடி ஓடவும் முடியும்.

தயாரா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அதன்படி 4 மணி நேர மாரத்தானுக்கு, அரை மாரத்தானை 1 மணி 55 நிமிடத்தில் முடித்திருக்க வேண்டும். 2 மணி நேரம் ஆனால் 4 மணி 10 நிமிடம் என்று டார்கெட்டை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். வாராவாரம் ஓடும் தூரம் குறைவு என்றால் அதற்கும் மேலே ஆகும்.

அதைவிட முக்கியமானது டைரி. கடந்த 12 வாரத்தில் எத்தனை வாரம் விடாமல் ஓடியிருக்கிறான்? லாங் ரன்னுக்கு மறுநாள் படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறானா, சாதாரணமாக இறங்குகிறானா? மூன்று மாதத்துக்கு முன் மூச்சு வாங்கிய வேகம் இப்போது பேசிக்கொண்டே ஓடும் வேகமாகிவிட்டதா? ட்ரயல் பேலன்ஸை மட்டும் பார்க்காமல் வவுச்சரை ஒவ்வொன்றாகப் புரட்டுகிற ஆடிட்டர் மாதிரி இதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்றால், ஆமாம். அந்த 30 கிலோமீட்டரை நம்பி முதல் 25 கிலோமீட்டரைப் பறந்துவிட்டு, 33இல் நடக்க ஆரம்பிக்கிறவன் தன் கணக்கு தப்பு என்று நினைப்பதில்லை. "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறான். நாலு மாத விடியற்காலைகள் வீண். அதற்கும் மோசமானவன், "30 ஓடியவன்தானே" என்ற தைரியத்தில் தலைசுற்றலையும் பொருட்படுத்தாமல் வெயிலில் ஓடிக்கொண்டே இருப்பவன். அது உயிருக்கே ஆபத்து.

எருமப்பட்டிப் பையன் சென்னைக்கு பஸ் ஏறட்டும். முதல் 10 கிலோமீட்டரை 5:41க்குப் பதில் 5:50இல் ஓடட்டும். 30 வந்ததும் கால் என்ன சொல்கிறது என்று கேட்கட்டும். ரெடியா இல்லையா என்ற பதில் அந்த இடத்தில்தான் கிடைக்கும், மூன்று வாரம் முன்னால் துறையூர் ரோட்டில் கிடைக்காது.